உள்ளூர் காலேஜ் எடுக்காத பையன்

1/ அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச்சுகளுக்குத் தீராத தலைவலி ஒண்ணு உண்டு: நல்ல டிஃபென்சிவ் லைன்மேன் கிடைக்கிறது. அந்தத் தேடலோட வரலாற்றுல நிறவெறியும் இருக்கு, மருத்துவமும் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே, பொறுமையா வாசிங்க.

2/ இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். தடுக்கிற அணியோட முன்வரிசையில நிக்கிற மூணு நாலு பேர்தான் டிஃபென்சிவ் லைன்மேன். எதிரே நிக்கிறவங்களை முட்டி விலக்கிட்டு, பந்து வச்சிருக்கிறவரைச் சாய்க்கணும்.

3/ அதுக்கு 120, 130 கிலோ உடம்பு வேணும். அந்த உடம்பு முதல் சில அடிகளை மின்னல் வேகத்துல எடுத்து வைக்கவும் வேணும். டெக்னிக் சொல்லித் தரலாம், ஜிம்ல எடை ஏத்தலாம். உயரத்தை எந்த கோச்சாலும் தர முடியாது. இப்படிப்பட்டவங்க ரொம்பக் கம்மி. அந்தச் சிலருக்காக எல்லா காலேஜும் அடிச்சுக்கும்.

4/ அப்படி ஒருத்தர் சொந்த மாநிலத்துலயே இருந்தும் எடுக்கல. டெக்சாஸ்ல போமான்ட் ஊர்க்காரர் பப்பா ஸ்மித். 6 அடி 7 அங்குலம். அப்பா ஸ்கூல் டீம் கோச். டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்கு ஆடணும்னு ஆசை. ஆனா அவர் கறுப்பினத்தவர். 1960களின் தொடக்கத்துல அந்த டீம்ல வெள்ளையர் மட்டும்தான்.

5/ மிச்சிகன் ஸ்டேட் கோச் டஃபி டாகர்டி, தெற்கு மாநிலங்கள் கதவடைச்ச கறுப்பின மாணவர்களைத் தேடிப் பிடிச்சார். பப்பா ஏறத்தாழ 1000 மைல் வடக்கே போனார். 1966ல அவங்க டீம் ஒரு மேட்ச்கூட தோக்கல. நோட்டர் டேமோட மோதின பெரிய ஆட்டம் மட்டும் 10-10 டிரா. 1967 என்.எஃப்.எல். டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கப்பட்டவர் பப்பா.

6/ தெற்கு எப்போ மாறுச்சு? 1970ல பர்மிங்ஹாம்ல அலபாமாவை, கறுப்பின வீரர்கள் நிறைஞ்ச யு.எஸ்.சி. 42-21னு அடிச்சது. அந்த ஒரே மேட்ச்தான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு சொல்வாங்க. முழு உண்மை இல்ல. 1969லயே அலபாமாவோட கறுப்பின மாணவர்கள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. வில்பர் ஜாக்சனுக்கு அந்த மேட்சுக்கு முன்னாடியே ஸ்காலர்ஷிப் கிடைச்சிருந்தது.

7/ ஆனா அலபாமாவுக்காக முதல்ல களமிறங்கின கறுப்பின வீரர் ஒரு டிஃபென்சிவ் எண்ட்: ஜான் மிட்செல். அலபாமாவோட மொபீல் நகரத்துக்காரர். உள்ளூர்ல இடமில்லாம அரிசோனா ஜூனியர் காலேஜ் போனவர். யு.எஸ்.சி. கோச் மெக்கே பேச்சுவாக்குல இவரைப் பத்திச் சொல்ல, அலபாமா கோச் பேர் பிரையன்ட் முந்திக்கிட்டார். 1971ல அதே யு.எஸ்.சி.யை அலபாமா 17-10னு ஜெயிச்சது. மிட்செல் 1972ல இணை கேப்டன், 1973ல உதவி கோச்!

8/ இனி டாக்டரா பேசுறேன். லைன்மேன் ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்துலயும் முட்டுறார். மயக்கம் வராத சின்னச் சின்ன அடிகளும் வருஷக்கணக்குல சேர்ந்தா சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு வரலாம். இறந்தபின் மூளையைப் பரிசோதிச்சாதான் உறுதியா சொல்ல முடியும்.

9/ பப்பா ஸ்மித் 2011ல, 66 வயசுல இறந்தார். அவர் மூளையில சி.டி.இ. இருந்ததா 2016ல அறிவிச்சாங்க. பிரேதப் பரிசோதனையில இதய நோயும், ஃபென்டர்மைன் மருந்து அதிக அளவுல இருந்ததும் தெரிஞ்சது. ஃபென்டர்மைன் எதுக்குத் தெரியுமா? உடல் எடையைக் குறைக்க.

10/ எந்த உடம்புக்காக வலைவீசித் தேடுறாங்களோ, ஆட்டம் முடிஞ்சதும் அதே உடம்பை அந்த ஆள் தனியா சுமக்கிறார். சுகர், பிபி, தூக்கத்துல மூச்சுத் திணறல், மூட்டு வலி எல்லாம் சேர்த்து. ஒரு காலேஜ் எத்தனை லைன்மேனைப் பிடிச்சதுன்னு கணக்கு வெளியாகும்போது, நாற்பது வருஷம் கழிச்சு அவங்களை யார் பார்த்துக்கிறாங்கன்னும் கேட்கணும்.