மூன்றாவது நரம்பு

திண்டிவனத்தை அடுத்த வல்லத்தில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் மருமான் ஒரு கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு, விரல் நுனிகளை வாயால் ஊதிக்கொண்டிருந்தான். எஃகுத் தந்திகளை அழுத்தி அழுத்தி நுனியெல்லாம் கன்றிப் போயிருந்தது.

"எத்தனை நாளாக இந்தத் தவம்?" என்றேன்.

"மூணு வாரமாச்சு, மாமா. ரெண்டு கார்டுதான் சுத்தமா வருது."

கார்டு என்பது பல ஸ்வரங்களை ஒரே வீச்சில் சேர்ந்து ஒலிக்கச் செய்வது. அவன் கற்றிருந்தவை இ மைனரும் இ மேஜரும். மைனருக்கு இரண்டே விரல் போதும். மற்ற நான்கு தந்திகளும் தொடாமலே ஒலிக்கும். மீட்டினான். மேகம் கவிந்தாற்போலிருந்தது. பிறகு மூன்றாவது தந்தியின் முதல் மெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து மீட்டினான். பளிச்சென்று வெயில் அடித்துவிட்டது!

ஒரு விரலுக்கு இத்தனை சக்தியா? எண்ணிப் பார்த்தேன். ஆறு தந்திகளில் மூன்று ஸட்ஜம்; இரண்டு பஞ்சமம்; ஒன்றே ஒன்றுதான் காந்தாரம். அந்த ஒன்று சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஏறியதுதான் நடந்த சங்கதி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்டவர்கள் நரம்புகளுக்குள் உறவுமுறை வகுத்திருக்கிறார்கள். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை! காந்தாரம் மூன்றாவது அல்லவா? மருமான் பகையாளியை நடுக்கூடத்தில் உட்கார்த்தி விருந்து வைத்துக்கொண்டிருந்தான்.

அதுவும் எந்தச் சீமையில்? சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஓய்மா நாடு இதுதான். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. சிறிய யாழைச் சுமந்துகொண்டு பாணர்கள் அவனைத் தேடி வந்தார்கள். யாழுக்கு மெட்டு கிடையாது. ஒவ்வொரு நரம்பும் தன் ஸ்வரத்தைத்தான் சொல்லும். விபுலாநந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டிராவிட்டால் இதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

பகை பாராட்டியவர்கள் நாம் மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் பைதாகரஸ் வழிவந்த பண்டிதர்கள் மூன்றாவதை ஒவ்வாத ஸ்வரமென்றே நெடுங்காலம் ஒதுக்கினார்கள். அவர்கள் கணக்கில் அது 81-க்கு 64 என்ற முரட்டு விகிதம். பாடகர்களின் காது அதற்கு முன்பே சமாதானமாகிவிட்டது. 1558-ல் வெனிஸ் நகரத்து ஸார்லீனோ, 5-க்கு 4 என்று விகிதம் காட்டி, ஏட்டிலும் அதற்கு இடம் கொடுத்தார். 1596-ல் ஜோன் கார்லெஸ் அமட் என்ற வைத்தியர் கிட்டாருக்கு ஒரு சிறு புத்தகம் எழுதினார். கார்டுகளுக்கு எண் கொடுத்து, எங்கே விரல் வைப்பது என்று சாமானியருக்கும் புரியும்படி சொல்லிக் கொடுத்தது அது. மருமானின் விரல் கன்றியதற்கு மூல புருஷர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர்கள் கார்டு பக்கம் போகவில்லை. அசைந்து அசைந்து கமகத்தில் வாழும் காந்தாரத்தை ஓரிடத்தில் கட்டிப்போட மனம் வரவில்லை போலும். ஆனால் தம்புராவைச் சுருதி சுத்தமாகச் சேர்த்துவிட்டுக் கேளுங்கள். அதில் உள்ளவை பஞ்சமமும் ஸட்ஜமும்தான். ஆனாலும் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும்பி வரும்!

இதையெல்லாம் கேட்ட மருமான், "அப்படின்னா நான் வாசிக்கலாமா, கூடாதா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து அக்காளின் குரல் வந்தது: "அந்த ரெண்டாவதையே வாசிக்கச் சொல்லுடா! முதலாவது ஒரே அழுமூஞ்சி!"