சாய்தளமும் நாற்காலியும்

கம்பத்துல ஊனமுற்றோருக்காக வழக்கு நடத்துற சின்ன அமைப்பு ஒண்ணு, நிர்வாகக் குழுவுல சேரச் சொல்லி என்னைக் கேட்டாங்க. ரெண்டு காலும் நல்லா இருக்கிற எனக்கு அங்க என்ன வேலை? அந்த யோசனையிலதான் பழைய கதையைப் புரட்டினேன்.

ஊனமுற்றோர் சட்டம் 1995-ல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7-ல் அமலுக்கு வந்தது. அதுக்காகப் போராடினவங்கள்ல முக்கியமானவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதி. சட்டம் வந்தா மட்டும் போதுமா... விமானத்தில் பார்வையற்றோருக்கு இருந்த கட்டணச் சலுகை, கை கால் முடங்கினவங்களுக்கு இல்லை. அபிதியே உச்ச நீதிமன்றம் போனார். 80 சதவீத ஊனம் உள்ளவங்களுக்கும் சலுகை கொடுக்கச் சொல்லி 1998-ல் தீர்ப்பு வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் சமயத்தில், ஊனமுற்றோர் உரிமைக் குழு எழுதின கடிதத்தையே மனுவா எடுத்துக்கிட்டு, வாக்குச்சாவடியில மரச் சாய்தளம் போடச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

சரி, ஓட்டுப் போட சாய்தளம் வந்தாச்சு. உள்ளே உட்கார நாற்காலி? உள்ளாட்சி மன்றங்கள்ல மாற்றுத்திறனாளிகளை நியமிக்க, தமிழக சட்டசபைக்கு மசோதா வந்ததே 2025 ஏப்ரல்லதான். நம்ம தேனி மாவட்டத்துல 6 நகராட்சி, 22 பேரூராட்சி, 8 ஊராட்சி ஒன்றியம், 130 ஊராட்சி. தலைக்கு ஒருத்தர்னாலே 166 பேர்!

இதுல ஒவ்வொரு படியும் அவங்களே போராடி ஏறினது. அதனால அமைப்புக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்... குழுவுல பாதிக்கு மேல அவங்க இருக்கட்டும், நான் கணக்கு நோட்டைப் பார்த்துக்கிறேன்னு.

இன்னொண்ணும் சொன்னேன் மக்களே. கூட்டம் நடக்குறது மாடியில. முதல்ல அதைக் கீழே இறக்கணும்.