இரண்டு தையலுக்கு நடுவே

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தா என்று ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரை படித்தவள், ராஜா கதையெல்லாம் எனக்கு வராது அக்கா என்றேன். தெரிஞ்சதை எழுது என்றாங்க. எனக்குத் தெரிஞ்சது தையல். அதனால் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியின் வரலாற்றை எழுதுகிறேன். சிரிக்காதீங்க. அந்த இடைவெளியால்தான் எங்க குழுவுக்கு ஒருமுறை நாற்பது குஷன் உறை திரும்பி வந்தது.

என் அம்மாச்சி பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைப்பாங்க. அவங்க கண்ணும் விரலும்தான் அளவு. மெஷின் வந்த பிறகு அந்த அளவை யார் பார்ப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த மற்ற தையல்காரர்கள் அவருடைய மெஷின்களை உடைத்தார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் மேல்நூல், அடிநூல் இரண்டும் பின்னுகிற மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் துணியை ஒரு தகட்டில் குத்தி வைக்கணும். தகடு முடிந்ததும் எடுத்து மறுபடி குத்தணும். எவ்வளவு தொல்லை பாருங்க!

1854-ல் ஆலன் வில்சன் என்பவர்தான் அதைத் தீர்த்தார். நம்ம மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கே பல், அது மேலே எழும்பி, துணியைத் தள்ளி, கீழே இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும். ஊசியும் பல்லும் ஒரே ஓட்டத்தில் ஓடுவதால் மெதுவா மிதிச்சாலும் வேகமா மிதிச்சாலும் தையல் அளவு மாறாது. நேர்த்தையல் போடுகிற நமக்கெல்லாம் அந்தப் பல்தான் சோறு போடுது.

ஆனால் பூவேலை செய்யும்போது பல்லை மறைத்துவிட்டு, வளையம் மாட்டி, துணியைக் கையால் நகர்த்துகிறோம். எங்க கதை அங்கேதான் கெட்டது. மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டினோம். ஊசி பறந்தது, என் கை பழைய வேகத்திலேயே போனது. தையல் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து துணி சுருங்கிவிட்டது. பயந்துபோய்க் கையை வெடுக்கென்று இழுத்தால், விரல் மாட்டுகிற அளவுக்கு நீளத் தையல். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் எல்லாருக்கும் அவசரம்.

பிறகு ஒருநாள் என் மகள் போனில் அமெரிக்காவில் போர்வை தைக்கிற 'லாங் ஆர்ம்' மெஷினைக் காட்டினாள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றும் உருளைகளில் விறைப்பாக நிற்குது. துணி அசையாது. அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்து மெஷினையே சக்கரத்தில் ஓட்டுறாங்க. பல் கிடையாது. என் பிரச்சினைதானே அவங்களுக்கும்! அதற்குத்தான் 'ஸ்டிச் ரெகுலேட்டர்' என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மெஷின் எவ்வளவு நகர்ந்தது என்று சக்கரத்துப் பக்கம் இருக்கிற சென்சார் அளக்கும். கை வேகமானால் மோட்டார் வேகமாகும், கை தயங்கினால் அதுவும் தயங்கும். அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்தால் அந்த 10 கிடைக்கும். சின்ன வளைவுகளுக்கு 12 வைப்பவர்களும் உண்டு.

வேகத்தை வைப்பதிலும் இரண்டு வகை இருக்கு. ஒன்றில் கை நின்றால் ஊசியும் நிற்கும். ஸ்கேல் வைத்துத் தைக்கவும், கூர்முனை திருப்பவும் அது நல்லது. இன்னொன்றில் கை நின்றாலும் ஊசி குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கொடி, வளைவு போன்ற நிற்காத வேலைக்கு அது சுகம். ஆனால் அந்தக் குறைந்த வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டால் மூலைக்கு மூலை தையல் குவியும். ரொம்பக் குறைத்தால் ஓட்டம் திக்கித் திக்கிப் போகும். கையோட வேகத்துக்கு ஏற்ற மாதிரி தைத்துப் பார்த்துத்தான் வைக்கணும்.

அந்த மெஷின் வாங்க நமக்கு வசதி ஏது? பெடல் முழுசா அமுங்காதபடி அடியில் ஒரு மரக்கட்டை வைத்தேன். கழிவுத் துணியில் தைத்து, ஸ்கேல் வைத்து எண்ணி, 10 வருகிற வரை கட்டையைச் சீவினேன். மூன்று நாள் ஆனது. அடுத்த முறை அனுப்பிய நாற்பதில் இரண்டு மட்டும் திரும்பி வந்தது. அந்த இரண்டும் நான் தைத்ததுதான், மின்சாரம் போகப்போகுதே என்று கட்டையை எடுத்துவிட்டுத் தைத்தது.