தமிழகப் பாடசாலைகளில் மதிய உணவு: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாற்றை ஆராய்வோர் போதனாமொழி, பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, பரீட்சை முறை என்பன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். பாடசாலைக்கு வந்த பிள்ளை நண்பகலில் எதனை உண்டது என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஆயின் வறியோர் மிகுந்த ஒரு சமுதாயத்தில் இலவசக் கல்வியும் கட்டாயக் கல்வியும் நடைமுறையிற் பொருள்பெறுவது இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையையே பெரிதும் பொறுத்துள்ளது. மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கஞ்சியாவது பெறக்கூடிய சிறுவனைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற உறுதிமொழி மட்டும் வகுப்பறைக்கு அழைத்துவந்துவிடாது. இவ்வுண்மையை ஆட்சியாளர் படிப்படியாக உணர்ந்து செயற்பட்டமைக்குத் தமிழ்நாடு சிறந்த எடுத்துக்காட்டாகும். நூறாண்டுக்கு மேல் நீளும் அவ்வரலாற்றில் உணவின் அளவையும் தரத்தையும் நிலைபேற்றையும் தீர்மானித்தது, செலவை ஏற்றவர் யார் என்பதே எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தைச் சென்னை மாநகராட்சியிற் காண்கின்றோம். அதன் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பாடசாலையின் மாணவருக்குச் சிற்றுண்டி வழங்கவேண்டும் என்று முன்வைத்த யோசனையை மன்றம் 1920 செப்ரெம்பர் 16 இல் ஏற்றது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாது செலவு அமையவேண்டும் என வரையறுக்கப்பட்டது. பிள்ளைகள் ஏழைகள், அதனாலேயே பாடசாலையிற் மாணவர் தொகை குன்றுகின்றது என்பது அவர் காட்டிய காரணம். திட்டம் பின்னர் மேலும் நான்கு பாடசாலைகளுக்கு விரிவுபெற்றது. 1922-23 இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25 இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டாண்டுகளில் ஏறக்குறைய இருமடங்கான இப்பெருக்கம் யோசனையின் பொருத்தத்தை நிறுவியது எனலாம்.

எனினும் வெற்றியே ஒரு திட்டத்தைக் காக்கப் போதுமானதன்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதலை அந்நிய அரசாங்கம் அனுமதிக்க மறுத்ததால் 1925 ஏப்பிரல் 1 உடன் திட்டம் தடைப்பட்டது. உணவு கல்விச் செலவினுள் அடங்குமா, அடங்காதா என்னும் கணக்கியல் வினா ஒன்றே நூற்றுக்கணக்கான சிறாரின் பகலுணவை நிறுத்தியது. இரண்டாண்டுகளின் பின் திட்டம் மீண்டும் உயிர்பெற்றபோது, 25 பாடசாலைகளில் ஏறத்தாழ 1,000 வறிய மாணவரே பயன்பெற்றனர். பிறரொருவரின் அனுமதியில் தங்கியிருக்கும் நிதி எத்துணை உறுதியற்றது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இரண்டாவது கட்டம் விடுதலைக்குப் பிற்பட்டது. 1954 இல் முதலமைச்சரான காமராசர், அதற்கு முந்திய ஆண்டில் நடைமுறைக்கு வந்திருந்த அரைநாட் கல்வித் திட்டத்தைக் கைவிட்டு, ஆரம்பக் கல்வியைக் கிராமங்கள்தோறும் பரப்ப முற்பட்டார். ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனொருவனிடம் பள்ளிக்குச் செல்லாத காரணத்தை அவர் வினவ, சோறு தருவீர்களா என அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை மக்களிடையே வழங்குகின்றது. அக்கதை எவ்வாறாயினும், திட்டத்தின் தோற்றத்தை ஒருவரின் இரக்கவுணர்ச்சிக்குள் மட்டும் அடக்கிவிடுதல் பொருந்தாது. கல்வித்துறைத் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் நிருவாகத் திறனும், ஊர்தோறும் நெல்லும் பணமும் திரட்டியளித்த பொதுமக்களின் பங்களிப்பும் இங்கு ஒருங்கே கருதத்தக்கவை. 1956 இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அரசாங்கம் செலவிற் பங்கேற்றது. ஓர் உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்பதென வகுக்கப்பட்டது.

இப்பங்கீடு இருவகை விளைவுகளை உடையதாயிற்று. பாடசாலை தமக்குரியது என்னும் உணர்வு ஊராரிடையே வளர்ந்தது ஒரு விளைவாகும். ஆனால் வளமான ஊர் நாற்பது வீதத்தை எளிதிற் திரட்ட, வறண்ட ஊர் இடர்ப்படுதல் இம்முறையின் இயல்பு. உணவு மிகவும் வேண்டப்பட்ட இடத்திலேயே அதனைத் திரட்டுதல் மிகவும் கடினமாகும். 1961 இல் கெயார் நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி வந்துசேர்ந்தது இக்குறையை ஓரளவு நிரப்பிற்று. எனினும் ஈகையிலும் உதவியிலும் தங்கியிருந்த நிலை முற்றாக நீங்கவில்லை.

மூன்றாவது கட்டமே அந்நிலையை மாற்றியது. கண்டியை அடுத்த நாவலப்பிட்டியிற் பிறந்து, தந்தையை இழந்தபின் கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன், முதலமைச்சராயிருந்த காலத்தில், 1982 யூலை 1 ஆந் திகதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியிற் சத்துணவுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். கிராமப்புறங்களில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அமைந்த திட்டம், அவ்வாண்டு செப்ரெம்பரில் நகரங்களுக்கும், 1984 இல் 15 வயது வரையினருக்கும் விரிந்தது. ஆக்கத்துறைகளுக்குச் செல்லவேண்டிய பணம் வாக்குகளுக்காக வீணாகின்றது எனப் பொருளியலாளர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அரசியல் நோக்கம் திட்டத்திற் கலந்திருந்தமை வெளிப்படை. ஆயினும் ஒவ்வொரு பாடசாலைக்கும் அமைப்பாளர், சமையலாளர், உதவியாளர் என ஊதியம்பெறும் பணியாளரை நியமித்து, செலவை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிலையாகச் சேர்த்தமை அதன் அடிப்படைச் சிறப்பாகும். அதன்பின் ஆட்சிக்கு வந்த எக்கட்சியும் அதனை நிறுத்தத் துணியவில்லை. மேலும் சிறப்பிக்கவே போட்டியிட்டன.

அப்போட்டியின் விளைவை முட்டையின் வரலாறு நன்கு காட்டும். 1989 இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வழங்கப்பட்டது. 1998 இல் அது வாரத்துக்கு ஒன்றாயிற்று. 2006 இல் இரண்டும், 2007 இல் மூன்றும், 2010 இல் ஐந்தும் ஆயின. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. சோறும் பருப்பும் வயிற்றை நிரப்பும். வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தைப் போதிய அளவில் தருவதற்கு முட்டை போன்றவை தேவை. வரவை உயர்த்துதல், பசியைத் தணித்தல், சத்தை ஊட்டுதல் என்ற ஒழுங்கிலேயே நோக்கங்கள் முதிர்ந்தமை இங்கு புலனாகின்றது.

இந்திய நாடு முழுவதும் இவ்வழியைப் பின்பற்றச் சட்டத்தின் துணை வேண்டியிருந்தது. 1995 இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து அமைந்தன. வீட்டுக்குச் சென்ற தானியம் குடும்பத்தார் அனைவருக்கும் பங்காகும். பாடசாலையிற் பரிமாறும் உணவோ பிள்ளைக்கே சேரும். 2001 நவம்பர் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டில் 200 நாளேனும் வழங்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டபூர்வமான உரித்தாக்கியது. 1925 இல் ஒரு கணக்குக் குறிப்பால் நிறுத்தக்கூடியதாயிருந்த உணவு, இதன்பின் நீதிமன்றத்திற் கோரத்தக்க உரிமையாயிற்று.

உணவின் சமூகப் பயனும் குறிப்பிடத்தக்கது. சாதியடிப்படையிற் பந்தி பிரித்த ஒரு சமுதாயத்தில், பிள்ளைகள் ஒரே வரிசையிலிருந்து ஒரே சோற்றை உண்டனர். ஆயின் அச்சமத்துவம் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. தாழ்த்தப்பட்ட பெண்கள் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதெனத் தடுத்த ஊர்களும் உண்டு. சமையற் பணியில் தாழ்த்தப்பட்டோருக்கு முன்னுரிமை வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2004 ஏப்பிரலில் ஆணையிட நேர்ந்தமை இச்சிக்கலின் ஆழத்தைப் புலப்படுத்தும்.

மலிவு என்பதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஓர் உணவின் செலவைக் குறைவாக வைத்திருப்பது பெருமளவுக்குச் சமையற் பெண்களின் குறைந்த ஊதியமே. ஏனைய அரசாங்க ஊழியருக்குரிய ஊதியமும் ஓய்வூதியமும் தமக்கும் வேண்டுமென அவர்கள் பன்முறை போராடியுள்ளனர். 2004 யூலை 16 இல் கும்பகோணத்துத் தனியார் பாடசாலையொன்றில் மதிய உணவு சமைத்த அடுப்பின் தீ ஓலைக்கூரையிற் பரவி 94 பிள்ளைகள் மாண்டனர். கூரையிலும் கட்டடத்திலும் செய்யும் சிக்கனம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும் என்பதை அக்கொடுந்துயர் நாட்டுக்கு உணர்த்தியது.

2022 செப்ரெம்பரில் தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பாடசாலைகளிற் காலையுணவையும் தொடக்கியது. தியாகராயரின் சிற்றுண்டி ஒரு நூற்றாண்டின் பின் விரிந்த வடிவில் திரும்பிவந்தது எனலாம். இத்திட்டங்களின் பலன் ஒரு தலைமுறையோடு முடிவதுமன்று. சிறுவயதிற் பாடசாலை உணவைப் பெற்ற பெண்கள் தாயரானபோது அவர்தம் பிள்ளைகளிடையே வளர்ச்சிக் குறைபாடு குறைந்திருந்ததை, இந்திய நாடளாவிய தரவுகளைக் கொண்டு 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியுள்ளது. ஆகவே பாடசாலை உணவுக்கு ஆகும் செலவை அவ்வாண்டின் வரவுசெலவுக் கணக்கைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அடுத்த தலைமுறையின் உடல்வளத்தையும் அக்கணக்கிற் சேர்த்தே அதனை எடைபோடுதல் வேண்டும்.