உச்ச ஆட்டக்காரரின் ஆதிக்கமும் அணியின் வெற்றியும்: என்பிஏ கூடைப்பந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருநாள் கிரிக்கெட்டில் எத்தனை பெரிய பந்துவீச்சாளராயினும் 10 ஓவர்களுக்கு மேல் வீச விதி இடந்தருவதில்லை. கூடைப்பந்தில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. களத்தில் நிற்கும் ஐவருள் ஒருவரே அணியின் எறிதல்களில் பெரும்பகுதியைத் தாமே எடுத்துக்கொண்டாலும் நடுவர் தடுக்கமாட்டார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏ-வின் வரலாறு நெடுகிலும், ஓர் உச்ச ஆட்டக்காரரின் ஆதிக்கம் அவருடைய அணியைத் தூக்கி நிறுத்துகிறதா, தேய்க்கிறதா என்னும் வினா திரும்பத் திரும்ப எழுவதற்கு இதுவே அடிப்படை. ஆட்டக்காரரின் திறமையையும் பந்து அவரிடம் வந்துசேரும் முறையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வினா தீராமல் நிற்கிறது என்பதும், அணிக்கு நேரும் இழப்பு இவற்றுள் இரண்டாவதிலிருந்தே பிறக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வில்ட் சேம்பர்லினின் ஆட்ட வாழ்வு இதற்கு ஏறத்தாழ ஒரு சோதனைக்கூடம். 1961-62 பருவத்தில் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்காக ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்த அவர், 1962 மார்ச் 2 அன்று நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 63 முறை எறிந்து, அவற்றுள் 36-ஐ வளையத்துள் இட்டு, தண்ட எறிதல்கள் 28-ஐயும் சேர்த்து ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அவ்வாண்டு வாகை சூடியதோ பில் ரசலின் பாஸ்டன் செல்டிக்ஸ். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஃபிலடெல்ஃபியா 76ers அணியில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானமின் கீழ் அவருடைய சராசரி 24.1 புள்ளிகளாகக் குறைந்தது. எறிதல்களில் இலக்கடைந்தவை 68 விழுக்காடாக உயர்ந்தன. சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க ஏதுவாகும் கைமாற்றங்கள் ஆட்டத்துக்கு 7.8 ஆயின. 68 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கோடு அவ்வணி செல்டிக்ஸின் தொடர் எட்டு வாகைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1967-இல் அவருக்கு வாய்த்த துணைவர்கள் மேலானவர்கள் என்பதையும், 1962-இலேயே வாரியர்ஸ் அணி செல்டிக்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் வெறும் இரண்டு புள்ளிகளில்தான் தோற்றது என்பதையும் மறைத்துவிட்டு, குறைவாக எறிந்ததால் மட்டுமே வென்றார் என்பது நேர்மையாகாது. ஆயினும் அதே உடலும் அதே திறமையும் இருவேறு ஒழுங்குகளில் இருவேறு பயன் தந்தன என்பது மறுக்கவொண்ணாதது.

இதன் காரணத்தை விளக்கும் கருத்துகளுள் முதன்மையானது, புள்ளியியலாளர் டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட நூலில் வகுத்த ‘திறன் வளைவு’. ஓர் ஆட்டக்காரர், தாம் களத்தில் இருக்கும்போது, அணியின் வாய்ப்புகளில் எத்தனை பங்கைத் தாமே முடித்துவைக்கிறார் என்பது அவருடைய பயன்பாட்டு வீதம் எனப்படும். அவ்வீதம் ஏற ஏற, எளிய எறிதல்கள் தீர்ந்து கடினமானவை மட்டுமே எஞ்சுவதால், ஒவ்வொரு முயற்சியின் விளைவும் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே உச்ச ஆட்டக்காரரின் சராசரியை மற்றவரின் சராசரியோடு ஒப்பிடுவது பிழையான கணக்கு; அவருடைய முப்பதாவது எறிதலை, காவலின்றி நிற்கும் துணைவரின் ஐந்தாவது எறிதலோடு ஒப்பிடுவதே சரியானது. இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சாலைப் போக்குவரத்தோடு இணைத்தது. விரைவான சாலை ஒன்று புதிதாகத் திறக்கும்போது எல்லா வண்டிகளும் அதிலேயே புகுந்து, முன்பைவிட அனைவருமே தாமதமாகப் போய்ச்சேரும் நிலை உண்டாகலாம் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிக் பிரேஸ் 1968-இல் காட்டிய முரணை அவர் கையாண்டார். ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு மிகச் சிறந்த வாய்ப்பையே நாடும் அணி, ஆட்டம் முழுமைக்கும் சிறந்த விளைவை எட்டாமல் போகக்கூடும் என்பது அவருடைய முடிவு.

இக்கோட்பாட்டின் உயிருள்ள சான்று சிகாகோ புல்ஸ். மைக்கேல் ஜோர்டன் 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்கு 37.1 புள்ளிகள் எடுத்தபோது அணி 40 ஆட்டங்களில் வென்று 42-இல் தோற்றது. அதற்குப்பின் 1988 முதல் 1990 வரை மூன்று ஆண்டுகளும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியே அவரை வெளியேற்றியது. அவ்வணியின் பயிற்சியாளர் சக் டேலி வகுத்த ‘ஜோர்டன் விதிகள்’ என்ற தடுப்பாட்டத்தின் சாரம், பந்தோடு வரும் அவரை இருவர் மூவராகச் சூழ்ந்து மறிப்பதும், வளையத்தருகே வந்தால் உடலால் மோதிக் களைப்பூட்டுவதும் ஆகும். ஒருவரைச் சூழ இருவர் போனால் இன்னொருவர் காவலின்றி விடப்படுகிறார். அந்த ஆளைத் தேடிப் பந்து போகாது என்ற நம்பிக்கையின்மேல்தான் டேலியின் திட்டம் முழுவதும் கட்டப்பட்டிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தது ஜோர்டனின் கூடுதல் திறமையன்று. 1989-இல் பொறுப்பேற்ற ஃபில் ஜாக்சனும் உதவிப் பயிற்சியாளர் டெக்ஸ் விண்டரும் புகுத்திய முக்கோண ஆட்டமுறை. மூவர் ஒரு பக்கத்தில் முக்கோணமாக நின்று, தடுப்போரின் அசைவுக்கேற்பப் பந்தை இடம் மாற்றுவது அதன் இயல்பு. 1990-91-இல் ஜோர்டனின் சராசரி முந்தைய ஆண்டின் 33.6-இலிருந்து 31.5-ஆக இறங்க, அணி 61 வெற்றி பெற்றுப் பிஸ்டன்ஸை 4-0 என வீழ்த்தியது. லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், தடுப்பாளர்கள் ஜோர்டனை மொய்க்க, தனித்து விடப்பட்ட ஜான் பாக்ஸன் கடைசி நான்கு நிமிடங்களுக்குள் 10 புள்ளிகள் சேர்த்தார். ஜோர்டன் அச்சுறுத்தாமல் இருந்திருந்தால் பாக்ஸனுக்கு அந்த வெற்றிடம் வாய்த்திராது. ஆதிக்கம் அணிக்கு உதவுவது இவ்விதத்திலேதான்.

இதற்கு எதிராக வைக்கப்படுவது ‘யூயிங் கோட்பாடு’. பேட்ரிக் யூயிங் 1999-இல் காயத்தால் விலகிய பின்னும் நிக்ஸ் அணி இண்டியானாவை வென்று இறுதித் தொடரை எட்டியதால், பெரிய ஆட்டக்காரர் நீங்கினால் அணி மேம்படும் என எழுத்தாளர் பில் சிம்மன்ஸ் இதைப் பரப்பினார். ஒரே ஒரு தொடரின் சில ஆட்டங்களிலிருந்து பொதுவிதி காண்பது துணிச்சல். போதாததற்கு இறுதித் தொடரில் நிக்ஸ் 1-4 எனத் தோற்றது. ஜோர்டன் ஓய்வு பெற்ற 1993-94-இல் புல்ஸ் 55 ஆட்டங்களில் வென்றது, முந்தைய ஆண்டைவிட இரண்டே குறைவு, என்பதும் அடிக்கடி மேற்கோளாகிறது. ஆனால் ஆட்டத்துக்குச் சராசரி வெற்றி இடைவெளி ஏறத்தாழ 6 புள்ளிகளிலிருந்து 3-ஆகப் பாதியாகச் சரிந்ததை அவ்வெண்ணிக்கை மறைக்கிறது. அப்பருவத்தில் நிக்ஸுக்கு எதிரான தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் 1.8 நொடி எஞ்சியிருக்க, கடைசி எறிதலை டோனி குகோச்சுக்கு ஜாக்சன் ஒதுக்கியபோது சக ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன் களமிறங்க மறுத்தார். குகோச் எறிந்து ஆட்டத்தை வென்றார் என்றாலும், உச்ச ஆட்டக்காரர் விலகிய பின்னும் அவருடைய இடத்துக்கான போட்டி விலகவில்லை என்பதை அது காட்டியது.

நுட்பமான இழப்பு வேறொன்று உண்டு. ரசல் வெஸ்ட்புரூக் 2016-17-இல் ஓக்லஹோமா சிட்டி அணியின் வாய்ப்புகளில் 41.7 விழுக்காட்டைத் தாமே முடித்து, அதுவரை காணாத பயன்பாட்டு வீதத்தை எட்டி, அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். அணி 47 வெற்றிகளோடு முதற்சுற்றிலேயே ஹூஸ்டனிடம் 1-4 எனத் தோற்றது. அவர் இருக்கையில் அமர்ந்த நிமிடங்களில் அணி சரிந்ததைக் காட்டி அவருடைய இன்றியமையாமையை நிறுவுவோர், ஒருவரையே சுற்றி ஆடப் பழகிய நால்வர் அவரின்றி எப்படி ஆடுவார்கள் என்று கேட்பதில்லை. கெவின் டியூரண்ட் அணியை விட்டு விலகிய கோடைக்குப் பின் வெஸ்ட்புரூக்குக்கு வேறு வழி இருந்ததா என்பது தனி விவாதத்துக்குரியது. ஆனால் களத்தில் அவர் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணி எடுக்கும் புள்ளிகளின் வேறுபாட்டை முழுக்க அவருடைய மதிப்பாகவே எழுதும் அளவுகோல், அவருடைய ஆதிக்கம் துணைவரிடம் விட்டுச்சென்ற பழக்கக் குறைவையும் சேர்த்து அவருடைய வரவாகவே எண்ணிவிடுகிறது.