பிறர் பூட்டைத் திறக்கும் சாவி

சாவி என்பது கடல்வழி வந்த சொல். திறவுகோல் முதலிய சொற்கள் நம்மிடம் இருக்கவும், போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற இச்சொல்லே இன்று வழக்கில் நிலைத்துவிட்டது. பினாங்கில் நம்முடன் வாழும் மலாய் மக்கள் அதனைக் ‘குஞ்சி’ என்பர். அதுவும் ‘குஞ்சிகா’ என்னும் வடசொல்லின் வழிவந்ததே. சொல் எங்கிருந்து வந்தாலும் பொருள் ஒன்றுதான். சாவி உரியவருக்குத் திறக்கவேண்டும்; பிறருக்குத் திறக்கலாகாது. இவற்றுள் பின்னதைச் சாவி எவ்வளவு காத்து வந்திருக்கிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

1994ஆம் ஆண்டில் ஒருநாள், பினாங்குப் படகுத்துறைக்கு அருகே நிறுத்தியிருந்த மோட்டார் வண்டியைத் திறந்து உள்ளே அமர்ந்தேன். பின்னிருக்கையில் கிடந்த குடை என்னுடையதன்று. என் வண்டி அடுத்த வரிசையில் நின்றது. வகையும் நிறமும் ஒன்றாயிருந்தமையால் கண் ஏமாந்தது. சாவியும் ஏமாந்தது எவ்வாறு? தற்செயல் என்றே பல்லாண்டு எண்ணியிருந்தேன். பூட்டின் வரலாற்றைக் கற்றபின் அது வெறுங் கணக்கு என்று தெளிந்தேன்.

இக்குறையை ஓர் அரசு உணர்ந்து செயற்பட்டதும் ஒரு துறைமுகத்தின் பொருட்டே. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி கொண்டு திருட்டு நடந்தது. தன் சாவியாலன்றி வேறெதனாலும் திறவாத பூட்டைச் செய்வோருக்கு 100 பவுன் பரிசு என அரசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பார் அத்தகைய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அயற்சாவியை நுழைத்துத் திருகினால் அப்பூட்டு இறுகி நின்றுவிடும். உரியவர் அடுத்தமுறை திறக்க முயலும்போது, எவரோ கைவைத்துள்ளனர் என்பது அவருக்குப் புலனாகும். அப்பூட்டு தடுத்ததோடன்றி அறிவிக்கவும் செய்தது.

இதன் அருமையைப் பினாங்குத் தமிழர் நன்குணர்வர். பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கிட்டங்கிகளில், ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டு வட்டித்தொழில் நடந்தது. ஒரு பெட்டியின் சாவி அடுத்த பெட்டியையும் திறக்குமாயின் அத்தொழில் ஒருநாளும் நடவாது. பூட்டின் வலிமை இரும்பில் மட்டும் இல்லை. சாவிக்குச் சாவி உள்ள வேறுபாட்டிலும் இருக்கிறது.

அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற ஊசிப்பூட்டு, சிறிய தட்டைச் சாவியைப் பரப்பியது. வண்டிப் பூட்டுகளிலோ ஊசிகளுக்கு மாற்றாகப் பெரும்பாலும் மெல்லிய தகடுகளே அமைந்தன. இனிக் கணக்கைக் காண்போம். சாவியில் ஐந்து வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆழங்கள் எனக் கொண்டால், 4ஐ ஐந்துமுறை பெருக்க 1,024 வகைச் சாவிகளே கிடைக்கும். ஒரே வகையில் 100,000 வண்டிகள் செய்தால், ஏறத்தாழ 98 வண்டிகளுக்கு ஒரே சாவி அமையும். சாவியும் தகடும் தேயத் தேய, அண்டை ஆழங்களின் வேறுபாடும் மங்கும். படகுத்துறையில் நான் கண்டது இதுவே.

தொலைவிலிருந்து திறக்கும் ‘ரிமோட்’ வந்தபின் இக்குறை ஒழிந்தது என்று பலரும் எண்ணினர். தொடக்கத்தில் வந்தவற்றுள் பல, ஒவ்வொரு முறையும் ஒரே குறியை ஒலிபரப்பின. அதனைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அழுத்தத்திற்கும் மாறும் குறி வகுக்கப்பட்டது. ஆனால் 2016இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறரோடு சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். 1995 முதல் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் குழும வண்டிகளுட் பெரும்பாலானவற்றின் ரிமோட்டுகள், சில பொதுவான மறைச்சாவிகளையே நம்பியிருந்தன. அவற்றை அறிந்தவர் ரிமோட்டின் ஒலிபரப்பை ஒருமுறை கேட்டாலே, அதற்கு இணையான வேறொன்றைச் செய்துகொள்ளலாம். கோடிக்கணக்கான வேறுபாடுகளுக்கு இடமிருந்தும், பல வண்டிகளுக்குச் சில மறைச்சாவிகளே போதும் என விடப்பட்டது. இரும்புச் சாவியின் பழைய குறை மின்னலையிலும் தொடர்ந்தது.

இதனால் வரும் கேடு பொருளிழப்பு மட்டுமன்று. கண்ணாடியை உடைத்துத் திருடினால் சான்று கிடக்கும். சாவியால் திறந்து திருடினால் தடமே இராது. “நீர் பூட்ட மறந்தீர்” என்னும் பழி, பொருளை இழந்தவர் மீதே விழும். வேறுபாட்டைக் குறைத்துச் செய்தவர் செலவு மிச்சம். பழியும் இழப்பும் வாங்கியவருக்கு.

அயலார் கைபட்டதை உரியவருக்கு உணர்த்தும் பூட்டை 1818லேயே ஒருவர் செய்து காட்டினார். ஆதலின், புதிய வண்டி வாங்கச் செல்வோர் அதன் விலையையும் நிறத்தையும் கேட்பதோடு நில்லாமல், “பிறர் திறந்தால் இவ்வண்டி எனக்குச் சொல்லுமா?” என்றும் கேட்டல் வேண்டும்.