விதியேட்டை விற்ற கழகம்: ஷெஃபீல்டு கால்பந்துக் கழகத்தின் வரலாறு



அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்துக்கு ஓடும் நம் மாணவர்களில் ஒருவன் சென்ற வாரம் கேட்டான்: "ஹஸ்ரத், உலகத்திலேயே முதல் கால்பந்துக் கழகம் எது?" நாம் வாய் திறக்குமுன் மற்றவர்கள் ஸ்பெயின், இங்கிலாந்து நாடுகளின் செல்வச் செழிப்பு மிக்க கழகங்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கினர். இன்றும் ஆடிவரும் கழகங்களுள் மிகப் பழையது என ஃபிஃபா ஏற்றுக்கொண்ட கழகத்தின் பெயரை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அக்கழகம் இன்று ஆடுவது வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குத் தெற்கே உள்ள டிரான்ஃபீல்டு என்னும் சிற்றூரில். இங்கிலாந்தின் மேல்நிலையில் உள்ள நான்கு லீக் பிரிவுகளுக்குக் கீழே ஆடும் கழகங்களை அங்கே 'நான்-லீக்' கழகங்கள் என்பர். ஷெஃபீல்டு கால்பந்துக் கழகமும் அவற்றுள் ஒன்று.

1857 அக்டோபர் 24 அன்று நத்தானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் ஆகிய இரு இளைஞர்கள் இக்கழகத்தைத் தோற்றுவித்தனர். முதல் தலைவர் ஃபிரெடெரிக் வார்டு. அவருடைய தந்தையாரின் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் ஒன்று இருந்தது. அதுவே கழகத்தின் முதல் அலுவலகம். பக்கத்து வயலே மைதானம். போட்டியிட வேறு கழகம் இல்லாமையால் உறுப்பினர்கள் தமக்குள்ளேயே மணமானவர்கள் ஓர் அணி, மணமாகாதவர்கள் ஓர் அணி எனப் பிரிந்து ஆடினர்.

அந்நாளில் கால்பந்துக்குப் பொதுவிதி கிடையாது. ஒவ்வொரு பெரிய பள்ளிக்கும் ஒரு விதி. ஒன்றில் பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடலாம், மற்றொன்றில் எதிரியின் முழங்காலுக்குக் கீழ் உதைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. கிரெஸ்விக்கும் பிரெஸ்ட்டும் இவ்விதிகளைத் திரட்டி ஒப்புநோக்கினர். 1858 அக்டோபரில் கழகத்தின் பொதுக்கூட்டம் தன் சொந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் அவை சிறு நூலாக அச்சேறின. கையால் தள்ளலாம்; ஆனால் காலால் உதைப்பதும் தட்டி விழச்செய்வதும் எந்நிலையிலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வோர் ஆட்டக்காரரும் சிவப்பிலும் கருநீலத்திலும் ஃபிளானல் தொப்பி கொண்டுவர வேண்டும். ஓர் அணி ஒரு நிறத்தை அணிய வேண்டும் என்பது இன்னொன்று. அணிக்கெனச் சீருடை இல்லாத காலம் அது.

1860 டிசம்பர் 26 அன்று, அவ்வாண்டு தோன்றிய ஹாலம் கழகத்துடன் சாண்டிகேட் மைதானத்தில் ஷெஃபீல்டு மோதி 2-0 என வென்றது. இருவேறு கழகங்களுக்கு இடையே நடந்த மிகப் பழைய போட்டிகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. ஆயினும் நம் மனத்தில் நிற்பது அடுத்த சந்திப்பொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பசியில் வாடின. அவர்களுக்கு நிதி திரட்ட 1862 டிசம்பர் 29 அன்று பிராமல் லேனில் இவ்விரு கழகங்களும் ஆடின. கோல் எதுவும் விழவில்லை; கைகலப்பு மட்டும் நிகழ்ந்தது. மோதிக்கொண்ட இருவரில் ஒருவர் விதிகளை வகுத்த அதே கிரெஸ்விக்! ஏழைகளுக்காக ஆட வந்த இடத்தில் இது நேர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டனர். நமக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் உருவானது. ஷெஃபீல்டு அவ்வாண்டே அதில் உறுப்பினராயிற்று. ஆனால் தன் விதிகளை விட்டுவிடவில்லை. இரு விதிமுறைகளும் ஒன்றிணைய 1877 வரை ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் வழங்கும் கார்னர் கிக் முறை ஷெஃபீல்டு ஆட்டத்திலிருந்தே பொதுவிதிக்குள் நுழைந்தது.

சரிவு தொடங்கியது 1885இல். அவ்வாண்டு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைச் சங்கம் அனுமதித்தது. 1867இல் பிறந்த ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகமும், 1889இல் தோன்றிய ஷெஃபீல்டு யுனைடெட் கழகமும் அவ்வழியில் வளர்ந்து நகரத்துக் கூட்டத்தைத் தம்பால் இழுத்துக்கொண்டன. மூத்த கழகமோ ஊதியமின்றி ஆடுவதையே தேர்ந்தது. இதனை வெறும் பிடிவாதம் எனச் சிலர் எண்ணலாம். வசதியுள்ளோர் தொடங்கிய கழகம் அது; ஊதியம் வேண்டாம் என்பது அவர்களுக்கு எளிது, ஆலைத் தொழிலாளிக்கு எளிதன்று. இதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். எவ்வாறாயினும் 1904இல் ஊதியம் பெறாதோருக்கான அமெச்சூர் கோப்பையை ஈலிங் அணியை 3-1 என வீழ்த்தி அது வென்றது. 1977இல் எஃப்.ஏ. வாஸ் இறுதிப் போட்டிக்காக வெம்பிளி வரை சென்றது. சமனில் முடிந்து, மறு ஆட்டத்தில் பில்லரிக்கே டவுன் அணியிடம் தோற்றது.

மைதானம் மைதானமாக அலைந்த பின் 2001இல் டிரான்ஃபீல்டுக்கு வந்தது. அங்குள்ள மைதானம் பக்கத்து மதுவிடுதியின் பெயரையே தாங்கியுள்ளது. இது நம் வாசகர்களுக்கு உறுத்தலாம். ஆயினும் வரலாற்றை எழுதுகையில் மறைத்தல் தகாது. 2004இல் ஃபிஃபா தன் சிறப்பு விருதினை இரு கழகங்களுக்கு வழங்கிற்று: ஒன்று ரியல் மாட்ரிட், மற்றது இக்கழகம். 2007இல் 150ஆம் ஆண்டு விழாவுக்கு இன்டர் மிலான் வந்து ஆடி 5-2 என வென்றது, பெலேயும் வந்திருந்தார். விருதும் விருந்தினரும் புகழ் தந்தனர். சிறிய கழகத்தின் அன்றாடச் செலவு அப்படியே இருந்தது.

2011 ஜூலையில் கழகம் தன் பழம் ஏடுகளை லண்டனில் சோதபீஸ் ஏல நிறுவனத்தின் வழியே விற்றது. கையால் எழுதிய 1858ஆம் ஆண்டு விதிகள் அவற்றுள் இருந்தன. கிடைத்த விலை 8,81,250 பவுண்டு. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை.

கையெழுத்துப் பிரதிகளின் நடுவே வாழும் நமக்கு இச்செய்தி முதலில் வலித்தது. முன்னோர் எழுதியதை விற்பதா என்றே தோன்றியது. பிறகு வக்ஃபு பாடம் நினைவுக்கு வந்தது. பயன் குன்றிய வக்ஃபுச் சொத்தை மாற்றிக்கொள்ளலாமா என்பதில் ஹனஃபி அறிஞர்கள் நிபந்தனையுடன் இடம் தந்தனர். ஷாஃபிஈ அறிஞர்கள் பெரிதும் இறுக்கம் காட்டினர். கழகத்தின் ஏடு வக்ஃபு அன்று. ஆனாலும் கேள்வி அதேதான். நம் கருத்து விற்றவர் பக்கமே சாய்கிறது. ஆட்டம் நின்றிருந்தால் அவ்வேடு அருங்காட்சியகப் பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கும். எனினும் ஒரு படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் பொதுநூலகம் ஒன்றுக்கே தருமாறு நிபந்தனை இட்டிருக்கலாம் என்ற குறை நமக்கு உண்டு.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும், கேள்வி கேட்ட மாணவன் ஏலத்தைப் பற்றியோ பெலேயைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைப் பற்றியே கேட்டான். மறுநாள் அஸருக்குப் பின் பார்த்தோம்: ஓர் அணியினர் வெள்ளைத் தொப்பியுடனும், மற்ற அணியினர் தொப்பியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டும் ஆடிக்கொண்டிருந்தனர்.